பதினொன்றில் நான்கு

12-11-1983, சனி

விலங்கியல் ரெக்கார்டு நோட்டில் மனித ஜீரண மண்டலத்தை வரைந்து முடித்தேன். கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அதை எப்படிக் காட்டுவது என்று அரை மணி நேரம் யோசித்து, இரைப்பையைப் புள்ளிக்கோடாகப் போட்டுவிட்டேன். கணையத்துக்கு மஞ்சள். ஜெபராணி என் நோட்டைப் பார்த்துத்தான் போடுவாள். அவளும் புள்ளிக்கோடு போடுவாள். டீச்சர் திட்டினால் இரண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் நிற்கவேண்டும்.

அப்பா இன்று பின்கட்டில் அரக்கு நிறம் போட்டார். கல்யாணச் சேலைக்கான பட்டு. முதலாளியின் ஆள் வந்து, அண்டாவிலிருந்து எடுத்த ஈரப் பட்டுநூல் சிட்டத்தைப் பார்த்துவிட்டு, “இன்னா ஏசுதாஸ், கறுத்துக்கினு இருக்குது? நாங்க குடுத்த நமூனா இப்படியா இருந்திச்சு?” என்றார்.

“ஈரத்துல நெறம் பாக்காதீங்க. காஞ்சப்புறம் வாங்க. அப்போ சரியில்லன்னா திட்டுங்க, நின்னு கேட்டுக்கறேன்.”

மாலையில் வந்தார். மாதிரி நூலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சிட்டத்தை வாங்கிக்கொண்டு போனார். திட்டாததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்திருக்கலாம்.

14-11-1983, திங்கள்

குழந்தைகள் தினம். எனக்குப் பதினாறு வயது ஆகிவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியும் லட்டு கொடுத்தார்கள்.

20-11-1983, ஞாயிறு. வேலூர், ஆஸ்பத்திரி

இன்று பூசைக்குப் போகவில்லை. அப்பாவை இங்கே சேர்த்திருக்கிறோம். நேற்று நடந்ததிலிருந்து எழுதுகிறேன்.

நேற்று பெரியநாயகம் மாமாவின் புது வீட்டு மந்திரிப்பு, சாமியார் வந்து வீட்டை ஆசீர்வதிக்கும் நாள். அம்மாவின் அண்ணன், ரைஸ் மில்லில் மேனேஜர், அவர் வீட்டு விசேஷம் என்றால் சாமியாரே சீக்கிரம் வந்துவிடுவார். மட்டன் பிரியாணி. அப்பா இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார். மூன்றே முக்கால் மணிக்கு (புதுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் நிச்சயமாகத் தெரியும்) மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். வலி முதுகுக்குப் போகிறது என்றார். பிறகு வாந்தி. ஆரணியில் ஊசி போட்டார்கள், கேட்கவில்லை. காலையில் மில் காரில் இங்கே கொண்டுவந்தோம். சேர்க்கும்போது மணி பதினொன்று.

டாக்டர் ஜெகநாதன் வயிற்றை மெதுவாக அழுத்திப் பார்த்தார். “குடிப்பாரா?”

மாமாதான் சீறினார். “இன்னா சார் இப்படிக் கேக்கறீங்க? சாமியார் மந்திரிச்ச வூட்ல, சாமியார் பக்கத்துல குந்திகினு சாப்பிட்டாரு.”

“எல்லாரையும் கேக்கற கேள்விங்க அது. கோவிச்சுக்காதீங்க.”

இன்னொரு கலவரம். ரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸ் அப்பாவின் கை நகங்களைப் பார்த்து, “ஐயோ, நீலமா இருக்குதே!” என்று டாக்டரைக் கூப்பிடத் திரும்பினார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “சிஸ்டர், அது சாயம். மண்ணெண்ணெ போட்டுத் தேச்சாலும் போவாது. கல்யாணத்தன்னிக்கே அந்தக் கைதான்.” வார்டே சிரித்தது. அப்பாகூட வலியோடு சிரித்தார். நர்ஸ் கேஸ் சீட்டில் எழுதினார்: ‘நகத்தில் சாயம்’. அடுத்த ஷிப்டு நர்ஸுக்கும் அம்மாவே முந்திக்கொண்டு சொன்னாள்.

ரத்தம் எடுத்தார்கள். அமைலேஸ் என்ற கணைய நொதி 1,240. நூற்றெண்பதைத் தாண்டக்கூடாதாம். கணைய அழற்சி என்றார் டாக்டர். நான் மஞ்சள் தீட்டிய உறுப்பு! அது சுரக்கும் நொதிகளே அதை அரிக்கத் தொடங்கிவிட்டனவாம். வாயால் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. குளுக்கோஸ் பாட்டில் ஏறுகிறது. அம்மா பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றுகிறாள்.

எனக்குப் பயம் இல்லை. நோய்க்குப் பெயர் தெரிந்துவிட்டது, அளவும் தெரிந்துவிட்டது. அளக்க முடிந்ததைச் சரிசெய்யவும் முடியும்.

21-11-1983, திங்கள்

அமைலேஸ் 610. பாதிக்கும் கீழே!

ரத்தப் பரிசோதனைக்கூடத்தின் ஜன்னலில் முடிவு கொடுக்கும் பெண்மணியின் பெயர் அபிதகுசாம்பாள். தேசூர்க்காரர். பெயர் முழுவதுக்கும் இடம் போதாமல் கோட்டுப் பையின் மேலிருக்கும் அட்டையில் கடைசி எழுத்துகள் சிறுத்துப்போயிருக்கின்றன. நான் எண்களை நோட்டில் குறித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு, “வாங்க, ஆரணி டாக்டர். இன்னிக்கு யாருக்கு ஆபரேஷன்?” என்கிறார். கோபம் வரவில்லை. டாக்டர் என்று கேட்கப் பிடித்திருந்தது.

ஒரு காரியம் செய்தேன். ரவுண்ட்ஸ் வந்த பயிற்சி டாக்டர் அப்பாவின் கேஸ் சீட்டைக் கட்டிலில் வைத்துவிட்டுப் பக்கத்து வார்டுக்கு ஓடினார். அதில் ஒரு சிறு தாள் செருகியிருந்தது. கணைய அழற்சி வந்தவருக்கு நோய் எவ்வளவு கடுமையாகப் போகும் என்று முன்கூட்டியே கணிக்கப் பதினொரு அடையாளங்கள். எழுதிக்கொண்டேன். சேரும்போது பார்க்கவேண்டியவை ஐந்து: வயது, வெள்ளை அணுக்கள், சர்க்கரை, இரண்டு என்சைம்கள். முதல் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பார்க்கவேண்டியவை ஆறு: ரத்தத்தின் அடர்த்தி எவ்வளவு இறங்கியது, யூரியா எவ்வளவு ஏறியது, கால்சியம், ஆக்சிஜன், அமிலம், உடம்புக்குள் தேங்கிய நீர். ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை. எல்லையைத் தாண்டினால் ஒன்று என்று எண்ணிக்கொள்ளவேண்டும். தாளின் பின்பக்கத்தில், எத்தனை சேர்ந்தால் நூறு பேரில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்றும் இருந்தது. இரண்டு வரை: ஒருவர். மூன்று, நான்கு: ஏறக்குறைய பதினைந்து பேர். ஐந்து, ஆறு: நாற்பது. அதற்கு மேல் இருந்ததை நான் எழுதவில்லை. தேவைப்படாது.

அப்பாவுக்கு முதல் ஐந்தில் ஒன்றுதான். வெள்ளை அணுக்கள் 17,200, எல்லை 16,000. வயது நாற்பத்தேழுதான். மற்றவை எல்லைக்குள்.

ஐந்தில் ஒன்று. அமைலேஸும் பாதி. ஊசி போட்டபின் வலியும் குறைந்திருக்கிறது. மாமா வந்ததும் நோட்டை விரித்து வரிசையாகச் சொன்னேன். மாமா இந்த இரண்டு நாளில் முதல் தடவையாக உட்கார்ந்தார். “அப்படின்னா நாளைக்குக் காலைல இட்டுகினு போயிடலாம். ஊர்ல இன்னா பேசறான் தெரியுமா? பெரியநாயகம் வூட்டு பிரியாணி சாப்பிட்டு ஆளு படுத்துட்டான்றான். நாப்பது பேரு சாப்பிட்டாங்க, ஒருத்தனுக்கு ஏப்பம்கூட வரல.”

அம்மாவுக்கும் சம்மதம். கையில் ஊசி குத்திய இடமெல்லாம் கன்றிப்போயிருக்கிறது என்று அவளுக்கு வருத்தம். அப்பாவுக்கு ஊறப்போட்டு வந்த பட்டின் ஞாபகம்.

அப்பாவுக்குச் சரியாகிவிட்டது.

22-11-1983, செவ்வாய். மாலை 4 மணி

நடந்ததை வரிசையாக எழுதவேண்டும். மாற்றி எழுதினால் பிறகு எனக்கே புரியாது.

காலை ஏழு மணிக்கு ஜன்னலுக்குப் போனேன். அமைலேஸ் 290. “நாளைக்கு நார்மலா ஆயிடும் இல்லீங்களா? இன்னிக்கு வீட்டுக்கு இட்டுகினு போறோம்” என்றேன்.

அபிதகுசாம்பாள் பேனாவை வைத்துவிட்டார். “யாரு போவச் சொன்னது? டாக்டரா?”

“இல்லீங்க. மாமா. நான்தான் சொன்னேன், நம்பர் கொறஞ்சிடுச்சுன்னு.”

“அது கொறையும்மா. ஆறினாலும் கொறையும், முத்தினாலும் கொறையும். திருடன் வந்தான்னு நாய் கொலைச்சுது. வாயை மூடிடுச்சுன்னா திருடன் போயிட்டான்னு அர்த்தமா? உள்ள குந்திகினு பொட்டியைத் தொறந்துகினு இருப்பான்.” பிறகு என் நோட்டைப் பிடுங்காத குறையாக இழுத்தார். “இவ்வளவு அழகா காப்பி அடிச்சிருக்கியே, இந்தப் பதினொண்ணுல அமைலேஸ் எங்கனா இருக்குதா காட்டு.”

பார்த்தேன். இல்லை.

என் கையால் எழுதிய பட்டியல். பதினொன்றையும் இரண்டு தடவை சரிபார்த்திருக்கிறேன். அமைலேஸ் அதில் இல்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. அந்த எண் இது என்ன நோய் என்று சொல்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு கடுமை என்று அது சொல்லவே இல்லை. நான்தான் அதன் வாயில் வார்த்தையைப் போட்டுச் சொல்லவைத்தேன்.

“ரெண்டாவது ரத்தம் பதினோரு மணிக்கு” என்றார் அவர். “அது இல்லாம உன் பட்டியல் பாதிப் பட்டியல். ஓடு.”

ஓடினேன். வார்டில் மாமா வந்துவிட்டார். கீழே மில் கார். அம்மா துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் விருப்பப்படி அழைத்துப் போகிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போடும் தாளை மாமா நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தார். ரவுண்ட்ஸ் முடிந்து டாக்டர் வரட்டும் என்று நர்ஸ் சொல்லிக்கொண்டிருந்தார்.

“போகக்கூடாது மாமா. நான் தப்பா சொல்லிட்டேன்.”

“நேத்து நீதானே புஸ்தகத்தைத் தொறந்து வச்சுகினு பிரசங்கம் பண்ண?”

“அது தப்பு. அந்த நம்பர் இதுக்கில்ல. இன்னும் ஆறு பாக்கணும். பதினோரு மணிக்கு மறுபடியும் ரத்தம் எடுப்பாங்க.”

அம்மா பையைக் கீழே வைத்தாள். “மறுபடியுமா? அந்தக் கையைப் பாருடி. இன்னும் எங்க குத்தறது? ஞாயித்துக்கிழமை எடுத்தாங்க, நேத்து எடுத்தாங்க, விடிகாலைலயும் எடுத்தாங்க. ஒடம்புல இருக்கறதே அவ்வளவுதான்.”

“சின்னப் பொண்ணு பேச்சைக் கேட்டுகினு காரை நிறுத்தி வைக்க முடியாது சகாயம்” என்றார் மாமா அம்மாவிடம். “மில் முதலாளி பத்து மணிக்குக் காரைக் கேப்பாரு.” அப்பாவும், “நோவு கொறஞ்சிடுச்சு அமலி. போலாம்” என்றார். குரல் மெலிந்திருந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கினார்.

எனக்கு அழுகை வந்தது. ஆனால் அழுதால் சின்னப் பெண் என்பது உறுதியாகிவிடும். அப்பாவின் காதருகே குனிந்தேன். “அப்பா, அன்னிக்கு முதலாளி ஆளு அண்டாகிட்ட நின்னுகினு நெறம் சரியில்லன்னாரே, நீங்க சிட்டத்தை அவரு கையில குடுத்து அனுப்பினீங்களா?”

அப்பா என்னைப் பார்த்தார்.

“ஈரத்துல பாக்காதன்னீங்க. இப்போ ஈரத்துலதான் பாத்திருக்கோம். நல்லா இருக்குதுன்னு சொன்னாலும் ஈரம்தானே? பதினோரு மணிக்குத்தான் காயும்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் மிகையாகப் பேசிவிட்டேனோ என்று நினைத்தேன். பிறகு சொன்னார்: “மச்சான், கார் போவட்டும். நான் இருக்கறேன்.”

“ஏசுதாஸ், ஊர்ல...”

“ஊரு எங்க போவப் போவுது? பதினோரு மணி ஆவட்டும்.”

மாமா நர்ஸிடம் தாள் வேண்டாம் என்று கையசைத்துவிட்டு விறுவிறுவென்று கீழே போனார். கிளம்பிப் போய்விட்டார் என்றே நினைத்தேன். காரை மட்டும் அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து வராந்தாவில் நின்றார். என்னோடு பேசவில்லை.

ஒன்பதரை மணி. அப்பாவுக்குப் பாதம் சில்லிட்டிருக்கிறது என்று அம்மா சொன்னாள். நான் போர்வையை விலக்கித் தேய்த்துவிட்டேன். தேய்க்கும்போது பார்த்தேன் - கால் நகங்கள் நீலமாக இருந்தன.

அப்பா கால் விரலால் சாயம் தோய்ப்பதில்லை.

கை நகங்களைப் பார்த்தேன். அவை எப்போதும் போல. உதட்டைப் பார்த்தேன். பஞ்சு ஒற்றிய இடமும் சாம்பல் நீலம். மூன்று நாளாக வந்த ஒவ்வொரு நர்ஸிடமும் நாங்கள் முந்திக்கொண்டு “அது சாயம், அது சாயம்” என்று சிரித்திருக்கிறோம். சீட்டில் எழுதியும் இருக்கிறது. அதற்குப் பிறகு யார் நகத்தைப் பார்ப்பார்கள்? நாங்கள் சொன்னதைத்தான் அவர்கள் எழுதினார்கள்.

நர்ஸிடம் ஓடினேன். “சாயம்னுதானே உங்கம்மா சொன்னாங்க?” என்று எழுந்தவர், கால்களைப் பார்த்ததும் டாக்டருக்கு ஆள் அனுப்பினார். டாக்டர் ஜெகநாதன் ஐந்து நிமிடத்தில் வந்தார். அப்பாவை நாக்கை நீட்டச் சொன்னார். மணிக்கட்டு நாடியிலிருந்து ரத்தம் எடுத்தார். அது சாதாரண ரத்தத்தைவிடப் பளிச்சென்று சிவப்பாக இருக்கவேண்டுமாம். இருக்கவில்லை. உடனே ஆக்சிஜன் வைத்தார்கள். பதினொரு மணி ரத்தத்தையும் அப்போதே எடுத்துக்கொண்டார்கள். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள், தடுக்கவில்லை.

மூன்று மணிக்கு எல்லா முடிவுகளும் வந்தன. ஆக்சிஜன் 54, அறுபதுக்குக் கீழே போகக்கூடாது. கால்சியம் 7.4, எட்டு இருக்கவேண்டும். ரத்த அடர்த்தி 47-லிருந்து 35-க்கு இறங்கிவிட்டது; பத்துக்கு மேல் இறங்கினால் ஒன்று. யூரியா ஏறியிருக்கிறது, ஆனால் எல்லையைத் தொடவில்லை, அதை எண்ணவில்லை. அமிலமும் தேங்கிய நீரும் எல்லைக்குள். முதல் நாள் வெள்ளை அணுக்களோடு சேர்த்து -

நான்கு.

பதினொன்றில் நான்கு. அப்பாவைத் தீவிரக் கண்காணிப்புப் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நேற்றைய கடைசி வரியை அடிக்கப்போவதில்லை. இருக்கட்டும்.

23-11-1983, புதன்

உள்ளே விடவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இன்னொரு பாட்டில். ஆக்சிஜன் முகமூடி. கால்சியம் ஊசியை மிக மெதுவாகப் போடுகிறார்கள், பத்து நிமிடம் ஆகிறது. ஏம்பா இவ்வளவு பிரியாணி சாப்பிட்டீங்க? ரெண்டாவது தடவை எதுக்குக் கேட்டீங்க? கேக்காம இருந்திருந்தா - தெரியல. பித்தப்பையில கல் இருக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. கல்லுன்னா என்னைக்கோ ஒரு நாள் வந்திருக்கும்தானே. வந்திருக்குமா?

24-11-1983, வியாழன்

அம்மா இன்று கேட்டாள். ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு, “அந்தப் பட்டியல்ல இன்னா போட்டிருக்குது? பொய் சொல்லாத” என்றாள்.

“நூறு பேர்ல எண்பத்தஞ்சு பேரு பொழைச்சிடுவாங்க.”

“மீதி பதினஞ்சு பேரு யாரு?”

பட்டியலில் அது இல்லை. நூறு பேரைக் கற்பனை செய்து பார்த்தேன். நம் கோயிலில் ஞாயிறு பூசைக்கு வருகிற அத்தனை பேர். அதில் எழுந்து வெளியே போகிற பதினைந்து பேர். நான் யாரையும் எழுப்பவில்லை. அப்பா தூணுக்குப் பக்கத்தில், வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் ஜெகநாதன் வெளியே வந்தபோது என் கையிலிருந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “கேஸ் சீட்டைத் தொட்டது தப்பு. எழுதினது சரியா எழுதியிருக்க” என்றார். அம்மாவின் கேள்வியை அவரிடம் கேட்டேன்.

“தெரியாதும்மா. இந்தாளு பொழைப்பாரா மாட்டாரான்னு சொல்றதுக்கு இந்தப் பட்டியல் இல்ல. நாப்பது படுக்கை இருக்குது, எந்தப் படுக்கைக்கிட்ட நாங்க கண்ணை எடுக்காம நிக்கணும்னு சொல்லுது. அவருகிட்ட நின்னுகினு இருக்கோம்.”

இதை அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவள் ஜெபமாலையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். எந்த மணியில் விட்டாள் என்று அவளுக்கு நினைவிருந்தது.

பதினைந்து என்பது எண்பத்தைந்தைவிடச் சிறியது. இதை எத்தனை தடவை எழுதினாலும் மாறாது. மாறாது என்பது எனக்கு உதவியாக இருக்கிறது.

25-11-1983, வெள்ளி

காய்ச்சல். எண் எதுவும் நல்லதாக இல்லை. இன்று ராத்திரி வரை நோட்டை மாமா வாங்கி வைத்துக்கொண்டார். “கொஞ்ச நேரம் சும்மா இரு பாப்பா” என்றார். காபி வாங்கிக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு இதுதான் அவர் பேசிய முதல் பேச்சு.

26-11-1983, சனி

கால்சியம் 7.9. ஆக்சிஜன் 66, முகமூடியோடு.

மாமா ஆரணியிலிருந்து என் பாடப்புத்தகங்களைக் கொண்டுவந்திருக்கிறார். தவறாக ஜெபராணியின் ரெக்கார்டு நோட்டையும் சேர்த்து. அவளும் புள்ளிக்கோடு போட்டிருக்கிறாள். டீச்சர் ‘நன்று’ என்று எழுதியிருக்கிறார்.

27-11-1983, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு முன் வரும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அம்மா விடிந்ததும் பூசைக்குப் போய்விட்டு ஈரக் கண்ணோடு வந்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

ஜன்னலில் அபிதகுசாம்பாள் இல்லை, விடுமுறை. வேறொருவர் எண்ணைச் சொன்னார். கால்சியம் 8.3. எல்லைக்கு மேலே! அவர் யாரிடம் என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல் அடுத்தவரைக் கூப்பிட்டார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போலிருந்தது. வராந்தாவில் மாமாவிடம் போய்ச் சொன்னேன். மாமா, “ஈரமா, காஞ்சதா?” என்று கேட்டார். இவருக்கு யார் சொன்னது? அன்றைக்கு நான் அப்பாவின் காதருகே சொன்ன எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

“இன்னும் கொஞ்சம் ஈரம் மாமா. நாளைக்கும் பாக்கணும்.”

“பாத்துட்டுச் சொல்லு” என்றார்.

29-11-1983, செவ்வாய்

ஆக்சிஜன் முகமூடி இல்லை. என்னை உள்ளே விட்டார்கள், ஐந்து நிமிடம். நேராகக் கால் நகங்களைப் பார்த்தேன். வெளிர் சிவப்பு. அப்பா, “முகத்தைப் பாக்க மாட்டியா?” என்றார்.

2-12-1983, வெள்ளி

இரண்டு ஸ்பூன் தண்ணீர். குடித்துவிட்டு அரை மணி நேரம் வலிக்கிறதா என்று எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். “இன்னா சினிமாவா காட்றாங்க?” என்றார். வலிக்கவில்லை.

5-12-1983, திங்கள்

கஞ்சி. உப்பு இல்லை என்று சண்டை. பொது வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஊறப்போட்ட பட்டு என்னவாயிற்று என்று கேட்டார். அதை முதல் நாளே மாமா வேறு பட்டறைக்கு அனுப்பி முடிக்க வைத்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை.

அரையாண்டுப் பரீட்சை அடுத்த வாரம். இரண்டு பாடங்கள் தவறிப்போகும். விலங்கியல் எழுதிவிடுவேன்.

10-12-1983, சனி. ஆரணி

வீட்டுக்கு வந்துவிட்டோம். கிளம்பும்போது ஜன்னலுக்குப் போனேன். அபிதகுசாம்பாளிடம் சொல்லிக்கொண்டு வரலாம் என்று. பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். “ஜல்தி சொல்லு, ஆரணி டாக்டர்” என்றார். “ஒண்ணுமில்லீங்க, ஊருக்குப் போறோம்” என்றேன். “அடுத்த மாசம் அப்பா டெஸ்டுக்கு ரத்தம் குடுக்க வரணும், மறந்துடாத” என்று சொல்லிவிட்டு அடுத்தவர் சீட்டை வாங்கிக்கொண்டார். இவ்வளவுதானா என்று இருந்தது. அதற்கு மேல் என்ன இருக்கவேண்டும்?

30-1-1984, திங்கள்

பித்தப்பை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு சிறு புட்டியில் கற்களைக் கொடுத்தார்கள். ஏழு. மிளகு அளவு. மாமா புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். “பாத்தியா, என் பிரியாணில கல்லு கெடையாது” என்றார்.

19-2-1984, ஞாயிறு

அப்பாவுக்கு நல்லபடி ஆனதற்கு நன்றிப் பூசை வைத்தோம். மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. பிரியாணி இல்லை, சாம்பாரும் அவியலும். அப்பா பந்தியில் உட்கார்ந்து, அளவாகச் சாப்பிட்டார். நாளை மறுநாள் அண்டாவை ஏற்றப்போகிறாராம், ஊதா நிறம்.

மாமா நடுவில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தார். “ஞாயித்துக்கிழமை சேத்தோம். ரெண்டாம் நாளே நம்பர் பாதியா கொறஞ்சிடுச்சு. எல்லாரும் வூட்டுக்குப் போலாம்னாங்க. நான் விடல. கார் வந்து கீழ நிக்குது. திருப்பி அனுப்புன்னேன். ரெண்டாவது ரத்தம் பாக்காம ஒருத்தன் நகரக்கூடாதுன்னேன்.”

எனக்கு முகம் சூடானது. என்னிடம் தேதி, மணி எல்லாம் இருக்கிறது. இந்த நோட்டு பக்கத்து அறையில் இருந்தது. எழுந்து எடுத்து வந்தால் போதும். அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எழப்போகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது கெங்கம்மாள் மாமாவுக்கு எதிரே வந்து நின்றாள். முள்ளிப்பட்டில் இருக்கிறவள், அப்பா சாயம் போடும் பட்டை அவள் வீட்டுத் தறியில் நெய்கிறார்கள். “அண்ணே, எங்க மருமவப்புள்ளையும் அதே நோவுல நேத்து சாயங்காலம்தான் படுத்தாரு. வேலூர்ல சேத்திருக்குது. காலைல நம்பர் கொறஞ்சிடுச்சாம். நாளைக்கு இட்டுகினு வரலாம்னு வண்டி சொல்லியிருக்கோம்.”

மாமா இலையிலிருந்து கையை எடுத்தார். “வண்டியை வேணாம்னு சொல்லு. மொதல்ல அதைச் செய். அந்த நம்பர் ஆறினாலும் கொறையும், முத்தினாலும் கொறையும். அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. சேத்த மணியிலேந்து நாப்பத்தெட்டு மணி நேரம் எண்ணு. மறுபடியும் ரத்தம் எடுப்பாங்க, கையை நீட்டச் சொல்லு, தடுக்காத. நகத்துல கறை எதுனா இருந்தா நீயா சாயம்னு சொல்லாத, அவங்க பாக்கட்டும்.”

“இவ்வளவும் நெனப்புல நிக்காது அண்ணே.”

மாமா சுற்றிப் பார்த்தார். பார்வை என்மேல் வந்து நின்றது. அன்று காரை நிறுத்தச் சொன்னது யார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். “அமலி, எழுதிக் குடு பாப்பா” என்றார்.

நான் கை கழுவிவிட்டு ரெக்கார்டு நோட்டின் கடைசித் தாளைக் கிழித்துக்கொண்டு வந்தேன். அவர் முதலிலிருந்து சொன்னார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. சொல்லச் சொல்ல எழுதினேன். இரண்டாவது ரத்தம் என்ற வரியின் கீழே மட்டும் நானாக ஒரு கோடு போட்டு, தாளை மடித்துக் கெங்கம்மாள் கையில் கொடுத்தேன். இரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்க அவள் ஓடினாள்.